ஆர்வி-7க்கு ஆட்டோபைலட்: திரையோடு சேர்ந்ததா, தனியாக நிற்பதா?

இறக்கைக்காரி

வணக்கம். ஆர்வி-7 என்ற இரண்டு இருக்கை கிட் விமானத்தை நானே கட்டிக்கொண்டிருக்கிறேன். வலது இறக்கை ஸ்டாண்டில் நிற்கிறது. கீழ்த்தகடு மட்டும் இன்னும் ரிவெட் அடிக்கவில்லை. அடித்துவிட்டால் எய்லரானை (விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடலை) அசைக்கும் பெல்கிராங்க் என்ற நெம்புகோல் இருக்கும் இடத்துக்குக் கை நுழைய ஒரே ஒரு சின்ன மூடிதான் மிஞ்சும். ரோல் சர்வோ, அதாவது ஆட்டோபைலட்டுக்காக விமானத்தைச் சாய்க்கும் மோட்டார், அங்கேதான் உட்காரும். அதனால் எந்த ஆட்டோபைலட் என்று முடிவெடுத்துவிட்டு மூடலாம் என்று காத்திருக்கிறேன்.

என் பறப்பு இப்படித்தான் இருக்கும்: பகலில், வெளியே கண்ணால் பார்த்துப் பறப்பது. இரண்டு பேர், இரண்டு மூன்று மணி நேரப் பயணங்கள். கருவிப் பறப்பு (மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பது) உரிமம் இன்னும் இல்லை, வாங்கும் எண்ணம் நிச்சயமாக உண்டு. பேனலுக்கு இதுவரை ஒரு கருவிகூட வாங்கவில்லை.

மூன்று வழிகள் பார்த்துவைத்திருக்கிறேன். பறப்புத் தகவல்களைக் காட்டும் கார்மின் ஜி3எக்ஸ் திரையும் அதன் ஜிஎஸ்ஏ 28 சர்வோக்களும். டைனான் ஸ்கைவியூ திரையும் அதன் சர்வோக்களும். இல்லையென்றால் திரையைச் சாராமல் தனியாக நிற்கும் ட்ரையோ ப்ரோ பைலட் அல்லது ஏரோக்ரூஸ் 100, அதாவது பழைய ட்ரூட்ராக் விஷன். ஒவ்வொன்றிலும் என்னென்ன மோடு (உயரம் பிடிப்பது, திசை பிடிப்பது மாதிரி) இருக்கிறது என்று நோட்டில் அட்டவணை போட்டேன். அட்டவணை நீண்டுகொண்டே போகிறது, முடிவு மட்டும் வரவில்லை. வைத்துப் பறப்பவர்கள் சொல்லுங்கள்.

நாலாயிரம் அடி

அக்கா, திரையோட சேர்ந்ததையே வாங்குங்க. நான் ஸ்கைவியூ வெச்சு 300 மணி நேரம் தாண்டிட்டேன், ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல.

காரணம் எளிமையானது. திரையில தொடுவானத்தை வரையுற அதே சென்சார் பெட்டிதான் சர்வோவுக்கும் கட்டளை கொடுக்குது. விமானம் எத்தனை டிகிரி சாய்ஞ்சிருக்குன்னு அதுக்கு நேரடியாத் தெரியும். பழைய மாடல்கள் பலது திரும்புற வேகத்தை மட்டும் பார்த்துச் சாய்வை ஊகிக்கும், காத்து குலுக்கினா உதறும். இதுல அந்த உதறல் இல்ல.

பேனல்ல தனி இடம் வேணாம். ரெண்டு சர்வோ, ஸ்டிக்ல (ஓட்டுற கைப்பிடியில) ஆட்டோபைலட்டைத் துண்டிக்குற ஒரு டிஸ்கனெக்ட் பட்டன், நெட்வொர்க் ஒயர், அவ்வளவுதான். ஆனா பட்டன் பேனலைத் தனியா வாங்கிடுங்க, அதுல மிச்சம் பிடிக்காதீங்க. குலுங்குற காத்துல திரையில மெனுவைத் தேடித் தொடுறது முடியாத காரியம். கை வெச்சா உணர முடியுற நிஜமான பட்டன் வேணும், முக்கியமா இறக்கையைச் சமப்படுத்துற லெவல் பட்டன்.

பழைய கேபிள்

அம்மா, மோடு அட்டவணையைக் கொஞ்சம் ஓரமா வைங்க. எல்லாம் சரியா இருக்குற நாள்ல எந்த ஆட்டோபைலட்டும் நல்ல ஆட்டோபைலட்தான். ஏதாவது கெட்டுப்போற நாள்ல அது உங்களுக்கு என்ன செய்யணும்னு முதல்ல ஒரு தாள்ல எழுதுங்க.

நான் எழுதினது மூணு வரி. ஒண்ணு, குனிஞ்சு எதையாவது தேடும்போது விமானம் தன் பாட்டுக்குச் சாய்ஞ்சு போகக்கூடாது. ரெண்டு, தெரியாம மேகத்துக்குள்ள போயிட்டா என்னை வெளியே கொண்டுவரணும். மூணு, முன்னாடி இருக்குற திரை கருப்பாகிட்டா அப்பவும் அது வேலை செய்யணும்.

மூணாவது வரிதான் என்னைத் தனி ஆட்டோபைலட் பக்கம் தள்ளிச்சு. திரையே மூளையா இருந்தா, திரை போகும்போது ஆட்டோபைலட்டும் கூடவே போகும். அதாவது உங்களுக்கு அது ரொம்பத் தேவைப்படுற அந்த நிமிஷத்துல. எனக்கு அது ஒருமுறை நடந்துச்சு. திரைக்குப் போற மின் ஒயர்ல ஒரு கிரிம்ப்பை (ஒயர் முனையை அழுத்திப் பிடிக்குற இணைப்பை) நானே சரியா அழுத்தாம விட்டிருந்தேன். 90 மணி நேரம் ஒழுங்கா இருந்தது, குலுங்கிக் குலுங்கிக் கழண்டுபோச்சு. திரை இருட்டாச்சு. பக்கத்துல ஆட்டோபைலட் தன் சொந்த ஜைரோ (சாய்வை உணர்ற கருவி), சொந்த பிட்டாட்-ஸ்டாட்டிக் (காத்தழுத்தத்தால வேகத்தையும் உயரத்தையும் அளக்குற குழாய்) இணைப்பு, சொந்த பிரேக்கரோட (மின்சாரத்தைத் துண்டிக்குற சுவிட்ச்) ஒண்ணும் நடக்காத மாதிரி இறக்கையைச் சமமா வெச்சுக்கிட்டு இருந்தது. நான் நிதானமா ஒயரைத் தேடினேன்.

இதுக்குப் பெரிய மூளை எதுவும் தேவையில்ல. 1914ல பாரிஸ் பக்கத்துல சேன் நதி மேல லாரன்ஸ் ஸ்பெரி தன் பறக்கும் படகை ஜைரோகிட்ட ஒப்படைச்சிட்டு ரெண்டு கையையும் தூக்கிக் காட்டினார். அவரோட மெக்கானிக் இறக்கை மேல ஏறி நடந்தார். அப்பவும் விமானம் சமமாவே போச்சு. 1933ல வைலி போஸ்ட் தனி ஆளா உலகத்தைச் சுத்தினப்போ கூட இருந்ததும் ஸ்பெரி ஆட்டோபைலட்தான். ஜைரோ, சர்வோ, ரெண்டுக்கும் நடுவுல நேர்மையான ஒரு இணைப்பு. இன்னிக்கும் அடிப்படை அதுதான்.

வயர்மேன்

எந்தப் பெட்டி என்பதைப் பிறகு பேசலாம். சர்வோவைத் தவறாக மாட்டினால் ஸ்டிக்கே பூட்டிக்கொள்ளும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சர்வோவின் கையும் (மோட்டார் சுழற்றும் சின்ன நெம்புகோல்) அதிலிருந்து பெல்கிராங்குக்குப் போகும் தண்டும் எந்த நிலையிலும் ஒரே நேர்கோட்டில் வரக்கூடாது. நேர்கோட்டுக்கு அருகில் வந்தாலே தண்டு கையைச் சுழற்றும் பலம் இழந்துவிடும். கோட்டைத் தாண்டிவிட்டால் கை மறுபக்கம் மடங்கி நின்றுவிடும், நீங்கள் எவ்வளவு பலமாக இழுத்தாலும் திரும்பாது. ஸ்டிக்கை இரண்டு ஓரத்துக்கும், நிறுத்தத்தில் முட்டும்வரை தள்ளி, முட்டிய பிறகும் இன்னும் அழுத்தி, கை எங்கே நிற்கிறது என்று டார்ச் அடித்துக் கண்ணால் பாருங்கள். தயாரிப்பாளர் மாட்டச் சொல்லும் நிறுத்தப் பட்டையை விட்டுவிடாதீர்கள்.

தண்டின் முனைகளில் இருக்கும் ராட்-எண்ட் பேரிங்கின் வெளிப்பக்கத்தில் அகலமான வாஷர் போடுங்கள். பேரிங்கின் குண்டு கழன்றாலும் தண்டு போல்ட்டை விட்டு விழாது. ஐந்து நிமிட வேலை.

நாலாயிரம் அடி

வயர்மேன் அண்ணா, சர்வோ பலம் எவ்வளவு எடுக்கணும்? டைனான்ல மூணு அளவு இருக்கே. பெருசா வாங்கிட்டா பின்னாடி கவலை இல்லையே?

வயர்மேன்

பெரிதாக வாங்கினால்தான் கவலை. சர்வோ தவறாக இழுக்கும்போது உங்கள் ஒரு கை அதை வெல்ல வேண்டும். விமானத்தை நகர்த்தத் தேவையான பலத்துக்குச் சற்று மேல் இருந்தால் போதும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டைனான் எஸ்வி32 சர்வோவின் டார்க் (சுழற்றும் பலம்) 36 இன்ச்-பவுண்டு, எஸ்வி42 55, எஸ்வி52 72. தண்டைக் கையின் ஒன்றரை இன்ச் துளையில் மாட்டினால் எஸ்வி32 தரும் தள்ளு பலம் 24 பவுண்டு, கிட்டத்தட்ட 11 கிலோ. ஒரு இன்ச் துளைக்கு மாற்றினால் 36 பவுண்டு, ஆனால் தண்டு நகரும் தூரம் மூன்றில் ஒரு பங்கு குறையும். அந்தத் தூரத்தை ஈடுகட்ட கை இன்னும் அதிகக் கோணம் சுழல வேண்டும். அப்படிச் சுழலும்போதுதான் நான் மேலே சொன்ன நேர்கோடு நெருங்கும். துளையை மாற்றினால் பலம், தூரம், கோணம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆர்வி-7க்கு இவர்கள் எல்லோரும் அந்த விமானத்துக்கென்றே பட்டையும் தண்டும் சேர்த்து மாட்டும் கிட் தருகிறார்கள். அதில் சொல்லியிருக்கும் துளையிலேயே மாட்டுங்கள். சொந்தமாக யோசித்து மாற்றத் தேவையில்லை.

இன்னொன்று, இறக்கைக்காரி: கீழ்த்தகட்டை மூட ஆட்டோபைலட் முடிவு தேவையே இல்லை. அந்தச் சின்ன மூடி வழியாகவே பலரும் பின்னால் சர்வோ மாட்டியிருக்கிறார்கள். இப்போது செய்ய வேண்டியது இறக்கை நெடுக ஒரு குழாய் விட்டு, அதற்குள் ஒரு நூலைப் போட்டுவைப்பது. ஒயர் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், நூல் இருந்தால் எதையும் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். எலக்ட்ரானிக்ஸை எவ்வளவு தாமதமாக வாங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. விமானம் பறக்கத் தயாராகும் முன்பே வாங்கிய பெட்டி பழசாகிவிடும்.

இறக்கைக்காரி

இதை யாராவது போன மாதமே சொல்லியிருந்தால் இரண்டு வாரம் இறக்கையைச் சும்மா நிறுத்தியிருக்க மாட்டேன். குழாய் ஏற்கனவே போட்டிருக்கிறேன். இன்றைக்கு நூல் விட்டுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை ரிவெட்.

ஆனாலும் கேள்வி அப்படியே இருக்கிறது. பேனலை வரையும்போது இது வந்தே தீரும்.

மெல்லிறகு

நான் பறக்குறது மெதுவா போற உயர் இறக்கை விமானம், 80 நாட். ரோலுக்கு மட்டும் ஒரு சர்வோ. மூக்கை மேலே கீழே அசைக்குற பிட்ச் சர்வோ போடவே இல்ல, ஒரு நாளும் தேவைப்படவும் இல்ல. ட்ரிம்மை (ஸ்டிக்கைப் பிடிக்காமலே மூக்கை நிலையா வைக்குற அமைப்பை) ஒழுங்கா வெச்சா உயரம் தானா நிக்கும், 50 அடி அப்படி இப்படி. ஆர்வி மாதிரி வேகமானதுக்கு ரெண்டு ஆக்சிஸ் நியாயம்தான். வேகம் கூடக் கூட மூக்கு ஒரு டிகிரி இறங்கினாலும் உயரம் மளமளன்னு போகும். வால் ஆட்டத்தை அடக்குற யா டேம்பர்னு மூணாவது சர்வோ விக்க வருவாங்க, உங்களுக்கு அது வேணாம்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. முதல் 20, 25 மணி நேரம் அதைத் தொடாதீங்க. கையாலயே பறங்க. புதுசா கட்டின விமானம் கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் ஒரு பக்கம் இறக்கை கனமா இருக்கும். ஆட்டோபைலட்டைப் போட்டுட்டா அது அந்தக் கனத்தைச் சத்தமில்லாம தாங்கிக்கிட்டு இருக்கும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. டிஸ்கனெக்ட் பண்ற நிமிஷம் சட்டுனு சாயும். முதல்ல விமானத்தை நேராக்குங்க, அப்புறம் ஆட்டோபைலட்.

சதுரமேகம்

பழைய கேபிள் ஐயா எழுதிய இரண்டாவது வரியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். புதிதாகக் கட்டுகிற ஒருவர் கேட்கிறார் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு அப்போது 140 மணி நேர அனுபவம். கருவி உரிமம் இல்லை. பிற்பகல், மங்கலான வானம், முன்னால் மேகமும் மூட்டமும் ஒரே நிறம். அலைவரிசையை மாற்றக் குனிந்தேன். நிமிர்ந்தபோது வெளியே வெள்ளை. பயம் உடனே வரவில்லை, அதுதான் இன்றும் என்னைத் தொந்தரவு செய்கிறது. உடம்பு முழுக்க "நேராகத்தான் போகிறோம்" என்று சொன்னது. திரையில் தொடுவானம் 40 டிகிரி சாய்ந்து நின்றது. என் மூளை முதலில் திரையைத்தான் சந்தேகப்பட்டது.

தரையில் ஹேங்கரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு லெவல் பட்டனைத் தொட்டுப் பழகியிருந்தேன். என் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த பழக்கம். கை தானாகப் போனது. அழுத்தினேன். ஸ்டிக் என் கையில் தானாக நகர்ந்தது, உடம்பு "தப்பான பக்கம் திருப்புகிறது" என்று கத்தியது. கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டேன். தொடுவானம் மெல்லச் சமமானது. மூன்று மூச்சு விட்டபின் ஹெடிங் நாபை, அதாவது திசை கேட்கும் குமிழைத் திருப்பி வந்த திசைக்கு 180 டிகிரி கேட்டேன். வினாடிக்கு 3 டிகிரி என்ற நிலையான திருப்பத்தில் அரைவட்டத்துக்குச் சரியாக ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் நான் எதையும் தொடவில்லை. வெளியே வந்ததும் சூரியன் கண்ணில் அடித்தது.

1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். கருவிப் பறப்புப் பயிற்சி இல்லாத 20 பேரைப் பொய்யான மேகத்துக்குள் பறக்க வைத்தார்கள். கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக 178 வினாடி ஆனது. மூன்று நிமிடம்கூட இல்லை. அந்த ஆய்வின் நோக்கமே கையை விட்டுவிட்டு மெதுவாக 180 டிகிரி திரும்பிவர அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பதுதான். கற்றுக்கொண்ட பிறகு கிட்டத்தட்ட எல்லா முயற்சியிலும் திரும்பி வந்தார்கள். விமானத்தைத் தன் போக்கில் விடுவது பழகாத கைக்கு எவ்வளவு கடினம் என்பதை அன்று அந்த ஒரு நிமிடத்தில் நானும் தெரிந்துகொண்டேன்.

லெவல் பட்டனுக்கு மலை தெரியாது. இறக்கையைச் சமப்படுத்தும், ஏற்ற இறக்கத்தை நிறுத்தும், அவ்வளவுதான். எந்தத் திசையில் சமமாகப் போகிறோம் என்பது உங்கள் பொறுப்பு.

இறக்கைக்காரி

எழுதியதற்கு மிக்க நன்றி. இரண்டு முறை படித்தேன். எந்தப் பெட்டி வாங்கினாலும் லெவல் பட்டன் பேனலில் கை எட்டும் இடத்தில், மற்ற பட்டன்களிலிருந்து விலகி இருக்கும். இது முடிவாகிவிட்டது.

நாலாயிரம் அடி

சதுரமேகம் சொன்னது மனசைத் தொட்டுச்சு. ஆனா கேபிள் ஐயாவோட மூணாவது வரிக்கு நான் பதில் சொல்லியே ஆகணும்.

திரை போனா எல்லாம் போச்சுங்கறது ஒரே திரை, ஒரே சென்சார் பெட்டி இருக்கும்போதுதான் உண்மை. ஸ்கைவியூவுல ரெண்டு திரை, ரெண்டு சென்சார் பெட்டி, பேக்கப் பேட்டரி எல்லாம் போடலாம். கார்மின்ல ஜி5னு சின்னக் கருவி இருக்கு, அதுக்குள்ள தனிச் சென்சார், தனி பேட்டரி. பெரிய திரை செத்தாலும் அந்த ஜி5 அதே சர்வோக்களை ஓட்டும். இன்னும் என்ன வேணும் ஐயா?

பழைய கேபிள்

தம்பி, ரெண்டு திரை வெச்சீங்கன்னா என் வாதம் பாதி கரைஞ்சிடும், ஒத்துக்கறேன். ஜி5 ஏற்பாடு நல்ல ஏற்பாடு. மீதிப் பாதி என்னன்னா, ரெண்டு திரையும் ஒரே மென்பொருள். ரெண்டு பெட்டியும் ஒரே பிட்டாட் குழாயில காத்து வாங்குது. பிட்டாட்ல பூச்சி கூடு கட்டினா ரெண்டும் சேர்ந்தே குழம்பும்.

அதே நேரம் என் பக்கத்துலயும் ஒரு ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். தனி ஆட்டோபைலட் வாங்கற பலர், அதுக்கு ஜிபிஎஸ் தகவலைத் திரையிலேர்ந்துதான் எடுக்கறாங்க. ஒரு சீரியல் ஒயர்தானேன்னு. அப்ப திரை போனா ஆட்டோபைலட்டுக்குத் திசை தெரியாது. சுதந்திரம் பேப்பர்ல மட்டும்தான். தனியா நிக்கணும்னு வாங்கினா ஜிபிஎஸ், மின்சாரம், பிட்டாட்-ஸ்டாட்டிக் எல்லாமே தனியா போகணும். பாதி தனி, பாதி சேர்ந்துன்னு போட்டா ரெண்டு பக்கத்துத் தொல்லையும் வரும், ஒரு பக்கத்துப் பலனும் வராது.

கருவி உரிமம் எடுக்கற எண்ணம் இருக்குன்னீங்களே, அதுவும் கணக்குல வரணும். ஜிபிஎஸ் அப்ரோச்ல, அதாவது ஜிபிஎஸ் காட்டுற பாதையில ஓடுதளத்துக்கு வரும்போது, கீழே இறங்கற பாதையையும் பிடிச்சுக்கிட்டு வரணும்னா, சேர்ந்த அமைப்புல அது இயல்பா வரும். தனிப் பெட்டியில நேவிகேட்டர்லேர்ந்து (வழிகாட்டுற ஜிபிஎஸ் பெட்டி) ஏரிங்க் 429ங்கற தகவல் ஒயர் இழுத்து, எந்த மோடு எப்போ மாறுதுன்னு ரெண்டு இடத்துல பார்க்கணும். தாழ்வான மேகத்துல ரெண்டு இடத்துல பார்க்கறது எனக்கே பிடிக்காது. அந்தப் பக்கம் போறதா இருந்தா தம்பி சொல்றதுதான் சரி.

இறக்கைக்காரி

ஐயா, நீங்களே இப்படிச் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இன்னொரு சந்தேகம். உயரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது எஞ்சின் சக்தியைக் குறைத்தால் என்ன ஆகும்? ஆட்டோபைலட் அதைப் புரிந்துகொள்ளுமா?

பழைய கேபிள்

உயரத்தைக் காப்பாத்தணும்னு மட்டும்தான் அதுக்குச் சொல்லியிருக்கீங்க. சக்தி குறைஞ்சா மூக்கைத் தூக்கும். இன்னும் குறைஞ்சா இன்னும் தூக்கும். வேகம் கரையும், ஸ்டால் வரும், அதாவது இறக்கை தூக்குறதை விட்டுடும். ரேடியோல பேசிக்கிட்டே த்ராட்டிலை இழுத்துட்டு மறந்துபோறது யாருக்கும் நடக்கும். அதனால குறைந்தபட்ச வேகம்னு செட்டிங்ல ஒரு எண் கேக்கும். அதை உங்க விமானத்தோட நிஜமான ஸ்டால் வேகத்தை அளந்த பிறகு போடுங்க, வேற யாரோ போட்ட எண்ணைக் காப்பி அடிக்காதீங்க. மேல் வேகத்துக்கும் அதே மாதிரி. இறங்கச் சொல்லிட்டு சக்தியைக் குறைக்க மறந்தா, ஆர்வி சிவப்புக் கோட்டை, அதாவது தாண்டக்கூடாத வேகத்தை நோக்கி ஓடும்.

ட்ரிம்மும் இதே கதைதான். சர்வோ ஒரு பக்கமா அழுத்திக்கிட்டே இருந்தா திரையில ட்ரிம் அம்பு வரும், நீங்க சரி பண்ணணும். ஆட்டோ ட்ரிம் இருந்தா அதுவே பண்ணிக்கும். ஆட்டோ ட்ரிம் போட்டா, ட்ரிம் மோட்டார் நிக்காம ஓடினா எந்த பிரேக்கரை இழுக்கணும்னு விரலுக்குத் தெரிஞ்சிருக்கணும். அந்த பிரேக்கர் தலைக்கு ஒரு நிறக் கவசம் போட்டுவைங்க.

வயர்மேன்

டிஸ்கனெக்ட் மூன்று விதமாக முடிய வேண்டும்: ஸ்டிக் பட்டன், மின் பிரேக்கர், வெறும் கைப்பலம். மூன்றையும் தரையில் சோதியுங்கள், பிறகு வானில். முதல் தடவை டார்க் அமைப்பைக் குறைவாக வைத்துத் தொடங்குங்கள்.

திசை சொல்லும் காந்த சென்சாரை ஸ்ட்ரோப் விளக்கு ஒயர், இரும்பு போல்ட், சர்வோ மோட்டார் எல்லாவற்றிலிருந்தும் தள்ளி வைக்க வேண்டும். வைத்த பிறகு விளக்கு, சர்வோ, ட்ரிம் மோட்டார் ஒவ்வொன்றாகப் போட்டு ஹெடிங் அசைகிறதா பாருங்கள். இடம் சரியில்லை என்று பறந்தபின் தெரிந்தால் வால் பகுதிக்குள் தவழ்ந்து போக வேண்டியிருக்கும்.

இறக்கைக்காரி

இறக்கை மூடியாகிவிட்டது. நூல் உள்ளே இருக்கிறது.

முடிவும் எடுத்துவிட்டேன். ஜி3எக்ஸ் ஒரு திரை, பக்கத்தில் ஜி5, இரண்டு ஜிஎஸ்ஏ 28 சர்வோ, பட்டன் பேனல். கருவி உரிமம் எடுப்பேன் என்பதால் சேர்ந்த அமைப்பு. கேபிள் ஐயாவின் மூன்றாவது வரிக்காக ஜி5. அதற்குத் தனி மின்பாதை, தனி பிரேக்கர். இப்போது எதையும் வாங்கப்போவதில்லை, எஞ்சின் ஏறிய பிறகுதான்.

பழைய கேபிள்

நல்ல முடிவு. ஒரு நிபந்தனை. விமானம் முடிஞ்சதும் தரையில ஆட்டோபைலட்டைப் போட்டுட்டு, பெரிய திரையோட பிரேக்கரை இழுங்க. சர்வோ இன்னும் பட்டனுக்குக் கீழ்ப்படியுதான்னு பாருங்க. சர்வோக்களுக்கு மின்சாரம் எந்த பிரேக்கர்லேர்ந்து வருதுன்னும் பாருங்க. ஜி5 உயிரோட இருந்து சர்வோ செத்திருந்தா பயனில்ல. புரோஷர் சொல்றது வேற, உங்க ஒயரிங் செய்யறது வேற.

இறக்கைக்காரி · 14 மாதம் கழித்து

இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும், கடன் பாக்கி இருக்கிறது.

விமானம் பறக்கிறது. முதல் 26 மணி நேரம் கையால் மட்டும். மெல்லிறகு சொன்னது அப்படியே நடந்தது, இடது இறக்கை கனம். எய்லரானைச் சரிசெய்து, ஸ்டிக்கை விட்டாலும் நேராக நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஆட்டோபைலட் பட்டனைத் தொட்டேன்.

ஐயா கேட்ட தரைச் சோதனையில் முதல் முறை தோற்றேன். பெரிய திரையும் சர்வோக்களும் ஒரே பிரேக்கரில் இருந்தன. திட்டம் போட்ட வரைபடத்தில் தனி, மாட்டும்போது நானே சேர்த்துவிட்டிருக்கிறேன். பிரித்த பிறகு திரையைக் கொன்றாலும் ஜி5 இறக்கையைச் சமமாகக் கேட்டது, சர்வோ கொடுத்தது. நீங்கள் சொல்லாமல் இருந்தால் இதை எப்போது கண்டுபிடித்திருப்பேன் என்று நினைத்துப்பார்க்கவே பிடிக்கவில்லை.

வானில் இரண்டு தொல்லை. ரோலில் மெதுவாக இடது வலது என்று ஆடிக்கொண்டே இருந்தது. உயரத்தில் 40 அடி மேலும் கீழும் நீந்தியது. கெயினை, அதாவது ஆட்டோபைலட் எவ்வளவு பலமாகத் திருத்துகிறது என்ற எண்ணைக் குறைக்கலாம் என்று கை துடித்தது.

வயர்மேன்

குறைக்கவில்லை என்று நம்புகிறேன்.

இறக்கைக்காரி

குறைக்கவில்லை. நீங்கள் வேறு ஒரு இழையில் எழுதியிருந்தது நினைவில் இருந்தது: முதலில் உராய்வும் தளர்வும், பிறகு காற்றுக்குழாய், கடைசியில்தான் எண்கள்.

ரோல் சர்வோ கையில் தண்டின் போல்ட் ஒரு துளி தளர்வு. விரலால் அசைத்தால் கண்ணுக்குத் தெரியாது, காதுக்குக் கேட்டது, "டிக்" என்று. நட்டை எடுத்துச் சரியான டார்க்கில் இறுக்கி, நட்டு நகர்ந்தால் காட்டிக்கொடுக்கும் பெயின்ட் கோட்டைப் புதிதாகப் போட்டேன். ஆட்டம் போய்விட்டது.

உயரத்துக்குக் காரணம் இடது ஸ்டாட்டிக் துளைக்குப் பின்னால் குழாய் மாட்டும் இடத்தில் மெல்லிய கசிவு. தாழ்வான உயரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் அழுத்தம் மாறினால் சுமார் 27 அடி உயரம் மாறியதாகக் கருவி நினைக்கும். கேபினுக்குள் காற்று கொஞ்சம் அசைந்தால் போதும், ஆட்டோபைலட் இல்லாத உயரத்தைத் துரத்தும். குழாயை வெட்டி மறுபடி மாட்டிக் கசிவுச் சோதனை செய்தேன். இப்போது அமைதியான காற்றில் உயரம் 10 அடிக்குள் நிற்கிறது. கெயின் தயாரிப்பாளர் தந்த எண்ணிலேயே இருக்கிறது.

சதுரமேகம்

லெவல் பட்டன் எங்கே வைத்தீர்கள்?

இறக்கைக்காரி

பேனலின் நடுவில், இரண்டு இருக்கையிலிருந்தும் எட்டும். கண்ணை மூடிக்கொண்டு இருபது முறை தொட்டுப் பழகினேன். வலது இருக்கையில் உட்காரும் என் கணவருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவருக்கு விமானம் ஓட்டத் தெரியாது. நான் பேச்சில்லாமல் போனாலோ வெளியே வெள்ளையாகத் தெரிந்தாலோ அதை அழுத்து, பிறகு ஸ்டிக்கிலிருந்து கையை எடுத்துவிடு என்று. போன ஞாயிறு 5,000 அடியில், நான் வேண்டுமென்றே 30 டிகிரி சாய்த்துவிட்டுச் சொல்லாமல் இருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், வெளியே பார்த்தார், அழுத்தினார். கையை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

பழைய கேபிள்

அகல வாஷர் போட்டீங்களா?

இறக்கைக்காரி

இரண்டு சர்வோவிலும், தண்டின் இரண்டு முனையிலும் போட்டிருக்கிறேன், ஐயா. மூடியைத் திறந்து போட்டோ எடுத்துவிட்டுத்தான் மூடினேன்.